வெளுத்த தேக்கு

அக்டோபர் 6, திங்கள்

தியாகேசன் சார் இன்று காலை மதுரையிலிருந்து வந்தார். படகில் கால் வைக்கும்போதே முகம் சரியில்லை. 'நீலாம்பரி' அவருடைய பாய்ப்படகு. நாற்பதடி நீளம், மேல்தளம் முழுக்கத் தேக்கு. மதுரையில் இரண்டு ஓட்டல் நடத்துகிறவருக்குத் தூத்துக்குடியில் படகு எதற்கு என்று நான் கேட்டதில்லை. வருடத்தில் நான்கு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் அதைக் கழுவி, துடைத்து, கயிறு மாற்றி, தண்ணீர் இறைத்துக் காப்பாற்றுவது நானும் இசக்கிமுத்தும்.

"தேக்குன்னா தேன் கலர்ல இருக்கணும் கிளாரன்ஸ். இதென்ன, சாம்பல் பூசின மாதிரி?" என்றார். வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடக்கும் தேக்கு சாம்பல் நிறமாகத்தான் ஆகும், அது அழுக்கு இல்லை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் இசக்கிமுத்து வாயைத் திறந்தான். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். முப்பத்தாறு வயது. முன்பு வீடுகளில் கதவு ஜன்னலுக்குப் பாலிஷ் போட்டவன். "பாத்ரூம் ஆசிட்டத் தண்ணில கலந்து ஊத்துனா வெளுக்காதா அண்ணாச்சி?" என்று சார் முன்னால் கேட்கிறான். நான் பத்தொன்பது வருடம் கப்பலில் இருந்தவன். அதில் ஏழு வருடம் போசன், அதாவது தளத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் மேஸ்திரி. என் தளத்தில் ஆசிட்டா? அங்கேயே வைத்து வாங்கிவிட்டேன். ஆசிட் மரத்தின் மென்நாரைத் தின்றுவிடும். பலகைகளின் இடுக்கில் தண்ணீர் இறங்காமல் அடைத்திருக்கும் கறுப்பு ரப்பரைக் கூழாக்கிவிடும். அப்புறம் மேலே பெய்கிற மழை கீழே படுக்கையில் பெய்யும் என்றேன். தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டான். தெரியாதவன் எதற்குப் பேச வேண்டும்?

17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சார் மகளின் நிச்சயதார்த்தம். அது முடிந்ததும் இரண்டு வீட்டாரும் படகுக்கு வருகிறார்கள். போட்டோ எடுக்கப்போகிறார்களாம். அதற்குள் தேன் கலர் வர வேண்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

கடல் தண்ணீர் ஊற்றி, லேசான சோப்பு போட்டு, மெத்தென்ற பிரஷால் குறுக்கே தேய்ப்பது. இதுதான் வழி. நாரின் போக்கிலேயே தேய்த்தால் மெல்லிய பகுதி எல்லாம் அரித்துக்கொண்டு போய்த் தளம் உழுத வயல் போல ஆகிவிடும். இசக்கிமுத்து நாரின் போக்கில் தேய்த்துக்கொண்டிருந்தான். பிரஷைப் பிடுங்கிக் காட்டினேன். மத்தியானத்துக்குள் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் என்னைவிட இரண்டு பலகை அதிகமாக முடித்திருந்தான். அதையும் அவன் சொல்லவில்லை, நான்தான் எண்ணினேன்.

இடுப்பு வலி. என்னைக் கப்பலிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பிய அதே இடுப்பு.

அக்டோபர் 10, வெள்ளி

நாளையிலிருந்து செவ்வாய் வரை நான்கு நாள் லீவு வேண்டுமாம் இசக்கிமுத்துக்கு. திருநெல்வேலியில் அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இன்னும் ஒரே வாரம் இருக்கும்போது! பெற்றவளுக்குக் கண் என்று சொல்கிறவனிடம் என்ன பேச முடியும்? போய்த் தொலை என்றேன். "புதங்கிழம காலைல மொத ஆளா வந்துருதேன் அண்ணாச்சி" என்று இரண்டு முறை சொன்னான். நான் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. என் மனைவி பெர்னதெத் தனியாக மாதா கோவிலுக்குப் போனாள். ஏழு மணி முதல் மூன்று மணி வரை முழங்காலில் நின்று தேய்த்தும் இடது பக்கத்தில் பாதிகூட முடியவில்லை.

சார் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். எந்த நாட்டுப் படகோ, தளம் அப்போதுதான் இழைத்த மரம் போல மஞ்சளாக மின்னுகிறது. கீழே எழுதியிருந்தார்: இப்படி வேண்டும், உங்களால் முடியாது என்றால் சொல்லுங்கள், கொச்சியிலிருந்து ஆள் வரவழைக்கிறேன்.

என்னால் முடியாதாம். உலகத்தில் எத்தனை துறைமுகத்தில் எத்தனை கேப்டன்கள் என் தளத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்திருக்கிறார்கள். ஓட்டல்காரர் கேட்கிறார், முடியுமா முடியாதா என்று. பதில் போடவில்லை. போனைத் தூக்கிக் கடலில் போடாமல் இருந்ததே பெரிது.

அக்டோபர் 13, திங்கள்

இடுப்பைப் பிடித்துக்கொண்டது. வேலை ஓடவில்லை. நான்கு மணிக்குக் கடைத்தெருப் பக்கம் போய்விட்டு வந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

தனியாக வேலை. பகல் இரண்டு மணிக்குள் தளம் முழுவதும் வெளுத்துவிட்டது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 15, புதன்

சொன்னபடியே இசக்கிமுத்து எனக்கு முன்னால் வந்து நின்றான். தளத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். மரம் புதுசாக இழைத்தது மாதிரி இருந்தது. சார் வீடியோவில் பார்த்துவிட்டு, பிரமாதம் கிளாரன்ஸ், இதைத்தான் கேட்டேன் என்றார்.

இசக்கிமுத்து குத்தவைத்து உட்கார்ந்து பலகையைத் தடவினான். விரலை மோந்து பார்த்தான். "என்ன போட்டிய அண்ணாச்சி?" என்று கேட்டான். சோப்பும் என் முதுகெலும்பும் என்றேன். எழுந்து போனான். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து வந்து கட்டைவிரலை நீட்டினான். நுனியில் கறுப்பாக ஒட்டியிருந்தது. இடுக்கு ரப்பர் கையில் வருகிறதாம். வெயில் என்றேன். அக்டோபர் வெயிலில் ரப்பர் இளகுமா என்று அவன் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் போகிறானே, அது பெரிய எரிச்சல். இவனை யார் ரப்பரை அமுக்கிப் பார்க்கச் சொன்னது? அம்மா கண் எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்திருந்தேன், விட்டுப்போயிற்று.

விரல் நுனிகளில் தோல் உரிகிறது. புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

விடியற்காலையிலிருந்து அடைமழை. வடகிழக்குப் பருவமழை இவர்களைக் கேட்டுக்கொண்டா வரும்?

பதினொரு மணிக்குக் குடையும் பட்டுமாக இருபது பேர் வந்தார்கள். மழைக்குப் பயந்து எல்லாரும் கீழ் அறைக்குள் அடைந்துகொண்டார்கள். முதலில் மாப்பிள்ளையின் அம்மா தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் நகர்ந்து உட்கார்ந்தார். அங்கேயும் விழுந்தது. பத்து நிமிடத்தில் மேற்கூரையில் ஏழெட்டு இடத்தில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. மின்சாரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிப் படபடவென்று பொறி பறந்தது. விளக்கெல்லாம் அணைந்து புகை வந்தது. ஒரு சின்னப் பிள்ளை கதறியது. ஆளுக்கு ஆள் தள்ளிக்கொண்டு படியேறினார்கள். இசக்கிமுத்துதான் பாய்ந்து போய் பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டான். அந்தக் குழந்தையையும் அவன்தான் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். நான் கீழே இருந்தேனா மேலே இருந்தேனா என்றுகூட இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

போட்டோ எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நேரே காரில் ஏறினார்கள். மழையில் நனைந்த தளத்தில் தேக்கு பஞ்சு பஞ்சாகப் பிரிந்து நின்றது.

அக்டோபர் 18, சனி

விசாரணை. ஓட்டலில் கரண்டி காணாமல் போனால் இப்படித்தான் நிற்கவைத்துக் கேட்பார் போல. துறையில் மற்றப் படகுக்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

சாமான் பெட்டியைத் திறக்கச் சொன்னார். எனக்கும் இசக்கிமுத்துக்கும் பொதுவான பெட்டி. அடியில் சாக்குக்குக் கீழே நான்கு காலி ஆசிட் பாட்டில் இருந்தது. சார் ஒன்றை எடுத்து இசக்கிமுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். "அன்னைக்கே ஆசிட் ஆசிட்னு சொன்னவன் நீதானே?"

"கேட்டேன் சார். ஆனா ஊத்தல. நா சனிக்கிழமலேர்ந்து செவ்வா வர லீவு. புதங்கிழம வந்து பாக்கும்போதே தளம் இப்பிடித்தான் வெளுத்துக் கெடந்துச்சு. அண்ணாச்சிட்ட கேளுங்க."

சார் என்னிடம் திரும்பி, இவன் எந்தத் தேதியில் லீவில் இருந்தான் என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று தேதி ஞாபகத்துக்கு வரவில்லை. அதைத்தான் சொன்னேன். "சரியா ஞாபகம் இல்ல சார்." நாற்பத்தொன்பது வயதில் எல்லாருக்கும் வருகிற மறதிதான். வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை. இவன் செய்தான் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

இனி உனக்கு இங்கே வேலை இல்லை என்று சார் அவனிடம் சொன்னார். இசக்கிமுத்து என்னைப் பார்த்தான். பிறகு தன் சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏன் போனான்? ஏன் கத்தவில்லை? நானாக இருந்தால் துறையையே இரண்டாக்கியிருப்பேன். நியாயம் தன் பக்கம் இருக்கிறவன் இப்படியா வாயை மூடிக்கொண்டு போவான்? அவனை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊர் முழுக்க வெடி. துறையில் ஆள் இல்லை. கெட்டுப்போன ரப்பரை இடுக்கிலிருந்து வளைந்த கத்தியால் தோண்டி எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். வெல்லப்பாகு போல இழுக்கிறது. காலையிலிருந்து மாலை வரை ஆறு இடுக்கு. மொத்தம் ஐம்பத்திரண்டு இருக்கிறது.

இசக்கிமுத்துக்கு இரண்டு பிள்ளைகள். அதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 22, புதன்

இசக்கிமுத்து தன் உளிப் பையை எடுக்க வந்தான். நான் முழங்காலில் இருந்தேன். நேரே பெட்டிக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு திரும்பினான். என் பக்கத்தில் வந்ததும் நின்றான். கத்தி பிடித்திருந்த என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தான். விரல் பத்திலும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"கைக்குத் தேங்காண்ண தடவுங்க. தண்ணி படாம வச்சிருங்க" என்றான்.

போய்விட்டான். என்னை அடித்திருக்கலாம். நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு நான் தயாராக இருந்தேன், பதிலும் வைத்திருந்தேன். இவன் யார் எனக்கு வைத்தியம் சொல்ல? கத்தியை எறிந்தேன். அது சாமான் பெட்டிப் பூட்டில் பட்டு முனை உடைந்துவிட்டது. மத்தியானம் முழுக்க வேறு கத்தி தேடி அலைந்தேன்.

தேங்காய் எண்ணெய் தடவவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

சாருக்குப் போன் செய்தேன். மூன்று நாளாக நினைத்து இன்றுதான் செய்தேன். படகு என் பொறுப்பில் இருந்தது, என் பொறுப்பில் இருக்கும்போது ஒரு தவறு நடந்துவிட்டது, அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். "விடுங்க கிளாரன்ஸ். ஒருத்தன அனுப்பியாச்சு. சம்பந்தி வீட்டுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். அதோட முடிஞ்சது. தளத்த சீக்கிரம் முடிங்க" என்று வைத்துவிட்டார்.

ஒரு மனிதன் பேச வருகிறான், அதைக் கேட்க அவருக்கு அரை நிமிடம் இல்லை. ஒருவன் பிழைப்பைப் பறித்துவிட்டு எத்தனை லேசாக முடிந்தது என்கிறார். நான் என் கடமையைச் செய்துவிட்டேன். கேட்காதது அவர்.

மழை. வேலை இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்தோம். பெர்னதெத் எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போனாள்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசல் கொடியில் என் காக்கிக் கால்சட்டை காய்கிறது. முழங்காலிலிருந்து கீழே வரை பொட்டுப் பொட்டாக ஓட்டை, ஓரமெல்லாம் மஞ்சள். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி ஓட்டைப் பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருந்தாள். நான் மாடிப் பரணில் செருகி வைத்திருந்தது. யார் இதை எடுக்கச் சொன்னது என்று கத்தினேன். வேலையில் ஆயிரம் இருக்கும், என் துணியைத் தொட உனக்கு என்ன உரிமை என்றெல்லாம் கேட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அவள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"நீங்க பொய் சொல்லுதியன்னு நா சொல்லல. உண்மையச் சொல்ல வேண்டிய எடத்துல எல்லாம் கத்துதிய. இருவத்திமூணு வருசமாப் பாக்கேன்."

சாப்பிடாமல் படுத்தேன். கால்சட்டையை நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

முப்பத்தெட்டு இடுக்கு முடிந்தது. துறையில் யாரும் என்னோடு டீ குடிக்க வருவதில்லை. முன்பும் வந்ததில்லை, ஆனால் முன்பு நான் கவனித்ததில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்தோம். வாசலில் இசக்கிமுத்து நின்றுகொண்டிருந்தான். பெர்னதெத் நாற்காலி எடுத்துப் போட்டாள். உட்காரவில்லை.

மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்களாம். இவன் வேலையைச் செய்து காட்டியிருக்கிறான், பிடித்துப்போயிற்று. ஆனால் ஆசிட் ஊற்றித் தளத்தைக் கெடுத்தவன் என்ற பேச்சு இவனுக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டது. பழைய இடத்திலிருந்து எழுதி வாங்கி வா என்று முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார். மூன்று வாரமாக உப்பளத்தில் மூட்டை சுமக்கக் கூலிக்குப் போவதாக இடையில் ஒரு வரி சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னான். கையில் ஒரு முழு வெள்ளைத்தாள் மடிக்காமல் வைத்திருந்தான்.

"எழுதிக் குடுங்க" என்றான். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டு வாசலில், என் மனைவி முன்னால் வந்து நின்று எழுது என்கிறானே என்று. ஆனால் உள்ளே போய் மேசையில் உட்கார்ந்தேன். எழுதினேன். இசக்கிமுத்து நான்கு மாதம் நல்லபடியாக வேலை செய்தார், நல்ல உழைப்பாளி, படகில் நடந்துவிட்ட தவறுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. நல்ல கையெழுத்தில் எழுதிக் கையொப்பம் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு முறை படித்தான். தாளைத் திருப்பி மேசையில் வைத்தான்.

"இதுல யாரு செஞ்சான்னு இல்லியே."

உனக்குச் சம்பந்தம் இல்லை என்றுதான் தெளிவாக எழுதியிருக்கிறேனே, போதாதா என்றேன். என் குரல் ஏறியது எனக்கே கேட்டது. பெர்னதெத் அடுக்களை நிலையில் வந்து நின்றாள்.

"தப்பு நடந்துட்டுன்னு எழுதாதிய" என்றான் இசக்கிமுத்து. அவன் குரல் ஏறவில்லை. ஆனால் தாளை என் பக்கம் அழுத்தித் தள்ளினான், ஓரம் கசங்கியது. இத்தனை நாளாக அவனுக்குக் கோபமே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "மழையா அது, தானா வந்து பெய்யுததுக்கு? ஊத்துனது ஒரு ஆளு. அந்த ஆளு பேர எழுதுங்க. நா லீவுல இருந்த தேதிய எழுதுங்க. அன்னைக்கு ஒங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. எனக்குத் தெரியும், ஒங்களுக்கும் தெரியும்."

என் பக்கம் சொல்ல எத்தனையோ இருந்தது. இடுப்பு, சாரின் படம், கொச்சி ஆட்கள், தனியாக விட்டுவிட்டுப் போனது. வாய் வரை வந்தது. இவன் அம்மா கண் கட்டோடு படுத்திருந்த நாளில் நான் அந்தப் பாட்டில்களைச் சுமந்து வந்தேன் என்பதும் கூடவே வந்தது. நோட்டிலிருந்து வேறு தாள் கிழித்தேன்.

மூன்றே வரி. எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று.

அவன் படித்தான். "சாருக்கும் அனுப்புங்க. நா நிக்கும்போதே அனுப்புங்க" என்றான். போனில் படம் எடுத்து அவன் கண் முன்னால் அனுப்பினேன். சார் பார்த்துவிட்டதற்கான நீலக் குறி வரும் வரை நின்றான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். பெர்னதெத் டீயோடு வந்தாள். "வேண்டாம் மதினி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான். அவளிடம்தான் சொல்லிக்கொண்டு போனான். நான் மன்னித்துக்கொள் என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டான். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஓடவில்லை.

ஒரு மணிக்கு சாரிடமிருந்து பதில் வந்தது. நாளையிலிருந்து படகுப் பக்கம் வர வேண்டாம், சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிடவும். படித்ததும் பழக்கப்படி மண்டைக்குள் சூடு ஏறியது. யார் மேல் என்று தேடினேன். பிடிபடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பெர்னதெத் எதிரில் உட்கார்ந்து மீன் முள்ளைப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்று சொன்னாள். ஒரு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

இந்த நோட்டில் அக்டோபர் 14-க்கு நான் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறேன். அங்கே போய்த் திருத்தப்போவதில்லை. கடிதத்தில் எழுதியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"இசக்கிமுத்து அக்டோபர் 11 முதல் 14 வரை லீவில் இருந்தார். 14-ஆம் தேதி 'நீலாம்பரி' படகின் தேக்குத் தளத்தில் நான்கு பாட்டில் ஆசிட்டை நான் ஊற்றினேன். அவர் மேல் பழி விழுந்தபோது, தேதி தெரிந்திருந்தும் ஞாபகம் இல்லை என்று பொய் சொன்னவனும் நான்தான்."